சனிக்கிழமை புளிக்கும் மாவு

ஆவுடையம்மாள் அக்காவுக்கு மாடிப்படி ஏறுவது பிடிக்காது. என்னிடம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் எங்கள் ஜன்னலுக்குக் கீழே, சந்தில் நின்றுதான் சொல்வாள். மட்டாஞ்சேரிச் சந்துகள் குறுகலானவை. ஒருத்தி சொன்னால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும், அக்கா சொன்னால் படகுத்துறை வரைக்கும் கேட்கும். அந்தச் சனிக்கிழமை காலையிலும் அப்படித்தான், பந்து மாதிரி வீங்கிப்போன ஒரு மாவுப் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி ஷபானா! உன் பெட்டி லட்சணத்தை வந்து பாருட்டி! மறுபடியும் புளிக்க வச்சிட்டு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பெட்டியை யாராவது குறை சொன்னால் என் மூக்கைக் குறை சொன்ன மாதிரி எனக்குக் கோபம் வரும். ஆனால் நாலாவது சனிக்கிழமையாக அதே பேச்சு. கோபப்படக்கூட எனக்கு உரிமை குறைந்துகொண்டே வந்தது.

நான் போர்டு செய்கிறவள். போர்டு என்றால் கடைக்கு மேலே மாட்டும் பெயர்ப் பலகை இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடும், திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. அதோடு வெப்பம் அளக்கும் ஒரு கம்பியையும், ஹீட்டருக்கும் கம்ப்ரஸருக்கும் போகிற ஸ்விட்சுகளையும் சேர்த்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால், ஓர் அறையை எப்போது சூடாக வைக்க வேண்டும், எப்போது குளிராக வைக்க வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பஜாருக்குப் பின்னால் மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரர் அல்தாஃபும் குடியிருக்கிறோம், இன்னொன்றில் என் போர்டுகள் குடியிருக்கின்றன. நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

ஆவுடையம்மாள் அக்கா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சில வருடங்களுக்கு முன்னால் வந்தவள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பழைய அரிசிக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து இட்லி மாவு அரைக்க ஆரம்பித்தாள். இன்றைக்குப் போர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டுக்கு அக்காவின் மாவைத்தான் நம்பியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தத் தோசையைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் தின்பார்களாம். அல்தாஃபுக்கு ஒரு கூட்ஸ் ஆட்டோ உண்டு. தினமும் சாயங்காலம் அக்காவின் பாக்கெட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்தான். அதனால் மாவு புளித்தால் முதல் வசவு அவருக்கு, இரண்டாவது எனக்கு.

அக்காவின் கிடங்கில் உள்ளே ஓர் அறை. மத்தியானம் அரைத்த மாவு இராத்திரி முழுக்க அதில் இளஞ்சூட்டில் இருந்து பொங்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அதே அறை குளிர் அறையாக மாற வேண்டும். சாயங்காலம் பாக்கெட் போடும்வரை மாவு அதே பதத்தில் நிற்கும். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் என் போர்டின் வேலை. மாட்டிய நாளிலிருந்து மழைக்காலம் பாதிவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அக்கா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எதுத்த வீட்டுப் பிள்ள செஞ்சது" என்று காட்டினாள். பிறகுதான் இந்தச் சனியன் பிடித்தது. மற்ற நாள் மாவு பூப்போல இருக்கும், சனிக்கிழமைக் காலையில் மட்டும் ஹோம்ஸ்டேக்களின் பிரிட்ஜுக்குள் பாக்கெட்டுகள் ஊதிக்கொண்டு நிற்கும்.

நான் கீழே ஓடிப்போய்ப் பார்க்கும்போதெல்லாம் போர்டு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அறை சில்லென்று இருக்கும், நேரம் சரியாக இருக்கும். நடந்ததைத் தெரிந்துகொள்ளப் போர்டுக்குள் லாக் என்று ஒன்று உண்டு. கதவு திறந்தது, கதவு மூடியது, ஹீட்டர் ஓடியது, நின்றது என்று ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி வைக்கும். ஆனால் அதை மெமரி கார்டில் எழுத விட்டால், ஓயாமல் எழுதி எழுதிக் கார்டே தேய்ந்து செத்துவிடும். அதனால் தற்காலிக நினைவில்தான் எழுதச் சொல்லியிருந்தேன். கரண்ட்டை நிறுத்தினால் அது துடைத்த சிலேட்டு. அக்காவோ மாவு புளித்தது தெரிந்ததும் முதல் வேலையாகப் போர்டை அணைத்து மறுபடி போடுவாள், அதற்குப் பிறகுதான் என் ஜன்னலுக்குக் கீழே வருவாள். உலகத்தில் எந்த மெஷினுக்கும் அவள் அறிந்த வைத்தியம் அது ஒன்றுதான். திருடன் வந்துபோன வீட்டைப் பெருக்கிக் கோலமும் போட்டுவிட்டுப் போலீஸைக் கூப்பிடுகிற மாதிரி.

"அக்கா, வெறுதே எம் போர்டைக் குத்தம் சொல்லாதீங்க. நான் வர்றதுக்கு முன்னாடி அதைத் தொடாம இருந்தா என்ன நடந்துச்சுன்னு பாக்கலாம்" என்றேன் ஜன்னலிலிருந்து.

"பாத்துப் பாத்து நாலு வாரமாச்சு. ஹோம்ஸ்டேக்காரங்க கடைசி வாட்டின்னு சொல்லிட்டாங்கட்டி. இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன். அதுக்குள்ள சரியாகலேன்னா ரமேஷ்பாபு தம்பி கம்பெனிப் பெட்டி கொண்டாருதேன்னு சொல்லியிருக்கான். உன்னத கழட்டிக்கிடு."

இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. கத்தினால்கூடத் தாங்கியிருப்பேன். இறங்கிய குரலைத்தான் தாங்க முடியவில்லை.

ரமேஷ்பாபு எர்ணாகுளத்தில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியின் ஏஜெண்ட். நல்ல மனிதர்தான், சட்டையை உள்ளே விட்டு மரியாதையாகப் பேசுவார். ஆனால் என் போர்டைப் பார்த்த அன்றைக்கு "ஓ, வீட்டுல செஞ்ச சாமான்!" என்று சொன்னார். ஊறுகாயைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அது மட்டும் இல்லை. தோப்பும்படியில் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கும் பரீத் இக்கா என்னிடம் நாலு போர்டு கேட்டிருந்தார். 'ஆவுடையம்மா கடைல எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்' என்பது அவர் பேச்சு. இந்த ஒரு போர்டு சுவரிலிருந்து இறங்கினால் மேற்குக் கொச்சியில் வேறெந்தச் சுவரிலும் என் போர்டு ஏறாது. மறுபடியும் எர்ணாகுளத்தில் அந்தச் செல்போன் ரிப்பேர் கடைக்குத்தான் போக வேண்டும். டிஸ்பிளே மாற்றி, சார்ஜர் பின் மாற்றி, 'பொண்ணுக்கு இது போதும்' என்று சொல்லும் முதலாளிக்குத் தலையாட்டி. அப்படியே நாளை ஓட்ட வேண்டும்.

"நீ பேடிக்காதே. போர்டுக்குப் பேச்சு இருந்தா அதே சொல்லிரும்" என்றார் அல்தாஃப், சாயா ஆற்றிக்கொண்டே. சும்மா ஆறுதலுக்குச் சொன்னது. எனக்கு அதுதான் பிடித்துக்கொண்டது.

போர்டுக்குப் பேச்சு உண்டே! தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொள்வதை வேறொரு கம்ப்யூட்டரிடம் உரக்கச் சொல்லச் சொன்னால் போதும். லினக்ஸில் அதற்கு ஒரே ஒரு வரி. லாக் எதுவாக இருந்தாலும் உடனுக்குடன் இந்த விலாசத்துக்கு அனுப்பு என்று எழுதிவிட்டால், நெட்வொர்க் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு அக்கா போர்டை அணைக்கட்டும், துவைத்துக் காயப்போடட்டும், சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

அக்காவின் கடை முன்பக்கம் பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் லாக் வாங்கும் புரோகிராமைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான், ஃபயர்வால் என்கிற விண்டோஸின் காவல்காரன் வாசலிலேயே வரிகளைத் திருப்பி அனுப்புவது தெரிந்தது. அவனுக்கு விவரம் சொல்லிக் கதவைத் திறந்ததும், கடகடவென்று வந்து விழுந்தன. வரிகள் ஆங்கிலத்தில்தான் வரும், நான் தமிழில் சொல்கிறேன். கதவு திறந்தது. கதவு மூடியது. கம்ப்ரஸர் ஓடுகிறது. ஊமைப் பிள்ளை பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது எனக்கு. ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று வரி வந்து சேர்ந்தபோது கம்ப்யூட்டரின் கடிகாரம் காட்டிய நேரம், இன்னொன்று அனுப்பும்போது போர்டு நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

முதல் நாளே ஒரு வேடிக்கை. 'கதவு திறந்தது' என்று ஒரு வரி, அதற்குப் பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம்தான் 'கதவு மூடியது'. தினமும் மத்தியானம் இப்படி. அக்காவைக் கேட்டேன்.

"வெக்கை தாங்கலட்டி. உள்ள நின்னு தங்கச்சிகிட்ட ரெண்டு வார்த்தை போன்ல பேசுதேன். அதையும் சொல்லிட்டா அது? மாவு பாத்துக்கிடுன்னு வச்சா என்னையல்லா பாக்குது!"

அதனால் குளிர் கொஞ்சம் குறையுமே தவிர மாவு புளிக்காது. குற்றவாளி அது இல்லை. சனிக்கிழமை ஊதுவது வெள்ளிக்கிழமை போட்ட பாக்கெட்டுகள்தானே என்று வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது, சனிக்கிழமையும் வந்தது, வீங்கிய பாக்கெட்டும் வந்தது. நான் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தால், வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வரிகூட இல்லை. மொட்டைச் சுவர்.

"மத்தியானம் அதுக்கு என்ன வேலை? அணைச்சு வச்சேன். சாயங்காலம் பில் போடத்தான் தொறந்தேன்" என்றாள் அக்கா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. லாக் வரிகள் தபால் மாதிரி இல்லை. வாங்க ஆள் இல்லையென்றால் காத்திருக்காது, காற்றோடு போய்விடும். என் போர்டு அன்றைக்கு மத்தியானம் முழுக்க நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்க ஒரு நாதி இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல் உண்டா? அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்த ரமேஷ்பாபு, "விடுங்க மேடம், அடுத்த சனிக்கிழமை நான் மாட்டித் தர்றேன்" என்றார். அக்கா உடனே, "சனிக்கிழமை புதுச் சாமானா? வேண்டாம்ப்பா. வெள்ளிக்கிழமையே வந்திரு, நல்ல நாளு" என்றாள்.

ஆக எனக்கு இருந்த கடைசி வாரத்திலும் ஒரு நாள் போயிற்று.

மாடிக்கு வந்து பாயில் குப்புற விழுந்து அழுதேன். அழுது முடித்து எழுந்தபோது மண்டை தெளிந்திருந்தது. அக்காவின் கம்ப்யூட்டரை நம்பினால்தானே பிரச்னை? என் கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது? அது என் வீட்டில், என் கரண்ட்டில், நான் அணைத்தால்தான் அணையும். அக்காவின் வைஃபையும் வேண்டாம், ராவுட்டரும் வேண்டாம். போர்டிலிருந்து நேராக என் மேஜைக்கு ஒரு கேபிள்.

அல்தாஃப் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சந்துக்குக் குறுக்கே உலகக் கோப்பை காலத்தில் கட்டிய கொடித் தோரணங்கள் நிறம் வெளுத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றோடு சேர்த்து நீலக் கேபிளை இழுத்துக் கட்டினோம். கீழே போனவர்கள் எல்லாரும் நின்று, "எந்தா இது? புதிய டீமின்டெ கொடியோ?" என்று கேட்டார்கள். "ஆமா, மாவு டீம்" என்றார் அல்தாஃப் ஏணியின் உச்சியிலிருந்து. அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை கழட்டப்போற பெட்டிக்கு எதுக்குட்டி இம்புட்டு அலங்காரம்?" என்றாள். நான் கேபிளின் முடிச்சை இன்னும் இறுக்கினேன். வாயைத் திறந்திருந்தால் அவளோடு உறவே அறுந்திருக்கும்.

போர்டுக்கும் என் கம்ப்யூட்டருக்கும் மாறாத விலாசம் கொடுத்தேன். ஒவ்வொரு வரி வரும்போதும் 'டிங்' என்று சத்தம் போடச் சொல்லி வைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் குக்கர் விசிலைவிட இந்த டிங் அதிகம் கேட்டது. அல்தாஃப் தூக்கத்தில்கூட "கதவு மூடிருச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அல்தாஃப் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். நான் நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு டிங் வந்துகொண்டிருந்தது, அந்த வாரத்துக்கு மட்டும் நான் சேர்த்திருந்த, அறையின் வெப்பம் சொல்லும் வரி. திடீரென்று டிங் நின்றது. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஒன்றும் இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அக்காவின் கடை வாசலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. வெங்காயம் கருகுகிற வாசனை வந்ததும் அடுப்பை அணைத்தேன். காத்திருந்தேன். கேபிள் அறுந்துவிட்டதா? காக்கா உட்கார்ந்துவிட்டதா? என் வாழ்க்கை முழுக்க ஒரு நீலக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் டிங். டிங் டிங் டிங் டிங். மழை மாதிரி வரிகள். போர்டு அப்போதுதான் உயிர் பெற்று எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தது. மேஜைக்கு ஓடினேன். இடது பக்கம் என் கம்ப்யூட்டர் போட்ட நேரம்: இன்றைய தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம். பக்கத்தில் போர்டு போட்ட நேரம்: 1970, ஜனவரி 1, காலை 5:30.

அதற்கும் கீழே: இது மாவு பொங்கும் நேரம். ஹீட்டர் ஓடுகிறது.

நான் போட்ட சத்தத்தில் கிடங்கு ஓட்டின் மேலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. கோபத்தில் இல்லை. சந்தோஷத்தில்! லினக்ஸுக்குக் காலம் பிறந்ததே 1970 ஜனவரி ஒன்றாம் தேதிதான், நம் ஊர்க் கணக்கில் அன்றைக்குக் காலை ஐந்தரை. நேரம் தெரியாத போர்டு எழுந்தால் அங்கிருந்துதான் எழும். எழுந்து பார்த்தது பாவம், விடிகாலை ஐந்தரை. ஒன்பது மணிவரை மாவு பொங்க வேண்டுமே என்று, நான் சொல்லிக் கொடுத்தபடியே, நட்ட நடு மத்தியானத்தில் ஹீட்டரைப் போட்டுவிட்டது.

கரண்டியோடு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை.

கடைக்குள் தரை முழுக்கத் தண்ணீர். சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. கிரைண்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. புதுப் பெட்டி வருகிற நாள் என்று அக்கா வழக்கத்தைவிட அமர்க்களமாகக் கழுவியிருந்தாள். ரமேஷ்பாபு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, புதுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஓரமாக நின்றார்.

"அக்கா! இப்ப மெயினை ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமா. தண்ணி ஊத்திக் கழுவுதேன், மெயினை இறக்காம? ஷாக்கடிச்சுச் சாவவா?"

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"பின்ன? கடை தொறந்த நாள்ல இருந்து. வெள்ளிக்கிழமை கழுவாத கடையும் ஒரு கடையா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"பல்லு வெளக்குததும்தான் சொல்லல. அதையும் சொல்லணுமாக்கும்? நீ என்னட்டி கரண்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க?"

நான் முதலில் அறைக்குள் போய் ஹீட்டரை நிறுத்திக் கம்ப்ரஸரைக் கையாலேயே போட்டேன். அன்றைய மாவு தப்பித்தது. ரமேஷ்பாபு தொண்டையைச் செருமினார். "அப்ப கரண்ட் போய் வந்தா உங்க போர்டு தாங்காது, இல்லே மேடம்? கம்பெனி சாமான்னா..."

"ஒண்ணு நில்லுங்க. அக்கா கடை தொறந்த நாள்ல இருந்து கழுவுறாங்க. மழைக்காலம் பாதி வரைக்கும் மாவு புளிக்கல. அப்ப நடுவுல என்னமோ மாறியிருக்கு. உங்க ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்க."

கொடுத்தார். நாலு திருகையும் கழற்றி மூடியைத் திறந்தேன். போர்டின் மூலையில், வட்டமாக, பளபளவென்று ஒரு காலிக் குழி.

கரண்ட் இல்லாதபோதும் போர்டின் கடிகாரம் நிற்காமல் ஓடுவதற்காக நான் அங்கே ஒரு பட்டன் செல் வைத்திருந்தேன். வைத்ததோடு விட்டேனா? மாட்டிய அன்றைக்கு மூடியைத் திறந்து அக்காவிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன். இது மூளை, இது காது, இது கடிகாரத்துக்கு செல் என்று.

"அக்கா. இங்க இருந்த செல் எங்க?"

 அக்காவின் கண் மெதுவாக அலமாரிப் பக்கம் போனது. அங்கே வெந்தயம் நிறுக்கும் சின்னத் தராசு, நம்பர் பளிச்சென்று தெரிய, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"தராசு செத்துப் போச்சுட்டி" என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "மழை கொட்டுது, கடைக்குப் போவ முடியல. இதுல அதே சைஸு இருந்துச்சே. கரண்ட்டுல ஓடுத பெட்டிக்கு செல் எதுக்குன்னு... நீ ஏதோ பத்திரத்துக்கு வச்சிருக்கன்னு நெனச்சேன்."

ரமேஷ்பாபு புதுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன்: செல் இல்லாததால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போர்டு நேரம் தெரியாமல் எழுந்திருக்கிறது. எழுந்ததும் நெட்டில் நேரம் கேட்கும். ஆனால் மெயின் அணைந்ததில் ராவுட்டரும்தான் அணைந்திருந்தது, அது எழுந்திருக்க இதைவிட நேரமாகும். பதில் வரவில்லையென்றால் போர்டு மறுபடி சாயங்காலம்தான் கேட்கும். அதுவரை மாவுக்கு வெந்நீர் ஒத்தடம். சனிக்கிழமை காலை நீங்கள் அணைத்துப் போடும்போது நெட் ஓடிக்கொண்டிருப்பதால் உடனே நேரம் கிடைத்து நல்ல பிள்ளையாகிவிடும். நான் வந்து பார்த்தால் எல்லாம் சுத்தம்.

"பாவம் மேடம் அது" என்றார் ரமேஷ்பாபு. "1970லயும் சொன்ன வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் முன்பு சொன்ன 'வீட்டுல செஞ்ச சாமானை' மன்னித்தேன்.

அக்கா அலமாரிக்குப் போனாள். தராசைக் கவிழ்த்து, நகத்தால் மூடியை நெம்பி, செல்லை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து என் கையில் வைத்தாள். நான் அதைக் குழியில் பொருத்தி நேரத்தைச் சரிசெய்தேன். ஆனால் அதோடு விட எனக்கு மனசில்லை. ஐந்து சனிக்கிழமை சந்து கேட்க வசவு வாங்கியவள் நான்.

"இப்ப நீங்க மாடிக்கு வரணும் அக்கா. உங்க கண்ணால பாக்கணும்."

"மாடிக்கா? நானா?"

"நீங்கதான்."

முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். என் மேஜை முன்னால் உட்கார வைத்தேன். நான் ஜன்னலில் நின்று கீழே பார்த்து, "ரமேஷ்பாபு! மெயினை இறக்குங்க!" என்று கத்தினேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா, அந்த ஜன்னலிலிருந்து நான் கத்துவது! டிங் நின்றது. "ஏத்துங்க!" பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அல்தாஃப், கம்பெனி ஏஜெண்ட் எங்கள் பேச்சைக் கேட்டு ஓடி ஓடி வேலை செய்வதைப் பார்த்து சந்திலேயே நின்றுவிட்டார்.

டிங். டிங் டிங் டிங். அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தாள். பில் போட்டுப் பழகியவள், ஆங்கிலத் தேதி படிக்கத் தெரியும். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் விரல் வைத்து மாறி மாறிப் படித்தாள்.

"ரெண்டும் இன்னைக்குத் தேதிதான்ட்டி! வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு! கம்ப்ரஸர்னு வேற போட்டிருக்கு!"

"மனசிலாச்சா?"

 அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடக்கு முறித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது வெங்காயத்தால் இல்லை. பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய், படகுத்துறை வரைக்கும் கேட்கிற அதே தொண்டையில் சொன்னாள்: "ரமேஷ்பாபு தம்பி! புதுப்பெட்டிய நீ எடுத்துட்டுப் போயிரு! எங்க பெட்டி நல்லா இருக்கு! தராசுக்கு மட்டும் ஒரு செல் வாங்கிக் குடுத்துட்டுப் போ!"

எங்க பெட்டி. உன் பெட்டி இல்லை, எங்க பெட்டி.

மறுநாள் சனிக்கிழமை காலை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. வசவு வரவில்லை. அல்தாஃப் போர்ட் கொச்சி பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, ஒரு வீட்டிலும் பாக்கெட் வீங்கவில்லை, எல்லாரும் தோசை வார்க்கிறார்கள் என்று சொன்னார். அந்த வாரமே தோப்பும்படியிலிருந்து பரீத் இக்கா வந்தார். நான் கீழே இறங்குவதற்குள் அக்கா அவரைப் பிடித்து உட்கார வைத்து, சாயாவும் கொடுத்து, பேச்சை முடித்தேவிட்டாள்.

"போர்டுன்னா இதுதான் போர்டு, பாத்துக்கிடுங்க. கரண்ட்டு போனாலும் நேரம் தப்பாது. நான் வாராவாரம் மெயினை இறக்கி ஏத்திச் சோதனை பண்ணுதேன்லா? ஒரே ஒரு விஷயம், உள்ள ஒரு பட்டன் செல்லு இருக்கு. அதை எந்தக் கூறுகெட்டவளும் தொடாம பாத்துக்கிடணும்."

நான் வாசலில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பரீத் இக்கா நாலு கேட்டவர், ஆறாகச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். ஆறுக்கும் லாக் அனுப்பும் வசதி வேண்டும் என்றார்.

நீலக் கேபிளை நான் அவிழ்க்கவில்லை. கொடிகளோடு அதுவும் ஆடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் இக்காவின் ஆறாவது போர்டில் சிப்பின் கால்களுக்கு ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். டிங். 'கதவு திறந்தது.' அதன் பிறகு வேறு டிங் இல்லை. இரண்டு காலுக்கு ஈயம் வைத்து முடித்தேன், இல்லை. மூன்றாவது, இல்லை. ஈயம் உருக்கும் இரும்பைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

"அக்கா! தங்கச்சிகிட்ட வெளிய வந்து பேசுங்க! கூல் ரூம் கதவைச் சாத்துங்க!"

சந்து முழுக்கச் சிரித்தது. கிடங்குக்குள்ளிருந்து "எடு வாரியலை!" என்று துடைப்பத்தைத் தேடும் ஒரு குரல் வந்தது.

டிங். 'கதவு மூடியது.'